கல்லூரி நிதியுதவிச் சட்டம் நம் பிள்ளைகளுக்கும் உரியது: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நகரங்களில் இயங்கிவரும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் பொறுப்பாளர்களுக்கும், வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையினருக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பிள்ளை திருக்குறள் ஒப்பித்ததைப் பற்றிப் பள்ளி வாசலில் மகிழ்ச்சியோடு பேசும் பெற்றோரே, சில ஆண்டுகள் கழித்துக் கல்லூரிக் கட்டண விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து அமர்கிறார்கள். அப்போது அவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை உண்டு. ஆனால் அந்த விடைகளால் பயன் பெறுவதற்கான நாள் கடந்து போயிருக்கும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இவற்றை அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லக்கூடிய இடம் தமிழ்ச் சங்கமே என்று நம்புவதால் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் அக்டோபர் மாதம், கல்லூரி நிதியுதவிக்கு கூட்டாட்சி அரசிடம் விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா (FAFSA) படிவம் திறந்தவுடன், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து அதை நிரப்புவதற்கு உதவும் ஒரு மாலையை ஒவ்வொரு சங்கமும் நடத்த வேண்டும். அந்தப் படிவம் ஏற்க மறுக்கும் நம் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் சங்கங்கள் வாய் திறந்து பேச வேண்டும்.

இந்த உதவி யாருடைய தயவும் அன்று. சட்டம் தரும் உரிமை. 1965 நவம்பர் 8 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன், டெக்சாஸ் மாநிலத்தின் சான் மார்க்கஸ் நகரில் தாம் படித்த கல்லூரிக்கே வந்து உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். படிக்கும் காலத்தில் அதே வளாகத்தில் துப்புரவு வேலை உட்படக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து கட்டணம் கட்டியவர் அவர். அந்தச் சட்டத்தின் நான்காம் பகுதியே கூட்டாட்சி அரசின் மாணவர் உதவிகளுக்கு இன்றும் அடிப்படையாக இருக்கிறது. 1972இல் வந்த திருத்தம் ஓர் அடிப்படை உதவித்தொகையை மாணவரோடு இணைத்தது. தகுதியுள்ள எந்தக் கல்லூரியில் அவர் சேர்ந்தாலும் அந்தத் தொகை அவருடன் செல்லும். ரோட் ஐலண்ட் செனட்டர் கிளேபோர்ன் பெல்லின் பெயரால் 1980 முதல் அது பெல் உதவித்தொகை என்று வழங்கப்படுகிறது. 1992ஆம் ஆண்டுத் திருத்தம், பணம் கட்டாமல் நிரப்பக்கூடிய ஒரே பொதுப் படிவமாக ஃபாஃப்சாவைக் கொண்டுவந்ததோடு, குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாணவர் தம் பெயரில் அரசுக் கடன் பெறலாம் என்ற வழியையும் திறந்தது.

இந்த நாட்டில் வரி கட்டும் நம் குடும்பங்கள் பல, இந்தப் படிவத்தைத் தொடாமலேயே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றன. நிதியுதவி வறியவர்களுக்கு மட்டுமே உரியது என்றும், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குப் பணம் தானாக வந்து சேரும் என்றும் நம்மிடையே இரண்டு எண்ணங்கள் வேரூன்றிவிட்டன. இரண்டுமே தவறானவை.

அமெரிக்கத் தமிழர் என்றாலே மென்பொருள் பொறியாளர் என்று நினைப்பது நம்மவர் பலரை நம் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறது. பெட்ரோல் நிலையத்தில் இரவுப் பணி பார்ப்பவர்கள், உணவகச் சமையலறையில் நாள் முழுதும் நிற்பவர்கள், முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருப்பவர்கள், தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார், ஈழத்திலிருந்து அகதிகளாக வந்து தஞ்சம் பெற்றவர்கள் என எல்லோரும்தான் நம் பொங்கல் விழாவுக்கு வருகிறார்கள். அகதியாக ஏற்கப்பட்டவரும் தஞ்சம் வழங்கப்பட்டவரும், குடியுரிமை பெறாத நிலையிலும், கூட்டாட்சி உதவிக்குத் தகுதியுடையவர்களே. தாய் தந்தை இருவரும் உள்ள நான்கு பேர் குடும்பத்தின் 2024ஆம் ஆண்டு வருமானம் 54,600 டாலருக்குள் இருந்தால், 2026-27 கல்வியாண்டில் முழுநேரம் படிக்கும் பிள்ளைக்கு முழு பெல் உதவித்தொகையான 7,395 டாலர் கிடைக்கும். வருமானம் 85,800 டாலர் வரை இருந்தாலும் குறைந்தபட்சத் தொகைக்கு இடமுண்டு. தனித்து வளர்க்கும் தாய்க்கும் தந்தைக்கும் வரம்புகள் இன்னும் தாராளமானவை. இது திருப்பிச் செலுத்த வேண்டிய பணம் அன்று.

வருமானம் இதற்கு மேல் உள்ள குடும்பங்களுக்கும் படிவம் தேவைப்படுகிறது. பெற்றோரைச் சார்ந்த இளநிலை மாணவர் முதலாண்டில் 5,500 டாலரும், இரண்டாம் ஆண்டில் 6,500 டாலரும், அதன்பின் ஆண்டுக்கு 7,500 டாலரும் தம் பெயரிலேயே கூட்டாட்சிக் கடனாகப் பெறலாம். 2025-26இல் அதற்கான வட்டி 6.39 சதவீதம்; கடன் முடியும்வரை அது மாறாது. மாணவர் இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டாலோ அந்தக் கடன் தள்ளுபடியாகும். ஃபாஃப்சாவை நிரப்பாத குடும்பம் நேரே தனியார் வங்கிக்குப் போகிறது. அங்கே தந்தை ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, வட்டியோ பல கடன்களில் சந்தையோடு சேர்ந்து ஏறுகிறது. மாநில அரசுகளும் கல்லூரிகளும் தரும் உதவிகள் பலவற்றுக்கும் இதே படிவம்தான் நுழைவாயில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்லூரி அறிவிக்கும் கட்டணத்தைப் பார்த்து மிரளும் பெற்றோருக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும்: 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில், உதவி போக ஒரு குடும்பம் உண்மையில் கட்ட வேண்டிய தொகையை மதிப்பிட்டுக் காட்டும் கணிப்பானை வைத்திருக்க வேண்டும்.

நம் சமூகத்தில் மிகப் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்துக்கு வருகிறேன். பெற்றோர் தற்காலிக வேலைக்கான எச்-1பி விசாவில் இருந்தால் பிள்ளைக்கும் உதவி கிடையாது என்று பலர் திடமாக நம்புகிறார்கள். பிள்ளை அமெரிக்காவில் பிறந்திருந்தால் அவர் அமெரிக்கக் குடிமகன். பெற்றோரின் விசா எதுவாயினும் அவருக்குப் பெல் உதவித்தொகையும் மாணவர் கடனும் பெறும் தகுதி உண்டு. பெற்றோர் தம் பெயரில் பெறும் பேரன்ட் பிளஸ் கடனுக்கு மட்டுமே பெற்றோரின் குடியேற்ற நிலை தடையாகும். உதவி பெற்றால் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதிக்கப்படுமோ என்ற அச்சமும் இருக்கிறது. அரசுக்குச் சுமையாகக் கூடியவர் யார் என்பதைக் கணிப்பதற்காக 2019இல் கொண்டுவரப்பட்ட மிகக் கடுமையான விதியில்கூட பெல் உதவித்தொகை சேர்க்கப்படவில்லை. இதற்குப் பிறகும் ஐயம் உள்ளவர்கள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளட்டும். யாரோ சொன்னதைக் கேட்டுப் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

படிவத்தின் நடுவில் குடும்பங்கள் எங்கே தடுக்கி நிற்கின்றன என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். நியூ ஜெர்சியில் பிறந்த மகள் கணினியின் முன் அமர்ந்து தாய் தந்தை இருவரையும் படிவத்தில் சேர்க்கிறாள். தந்தையின் கணக்கு சில நிமிடங்களில் திறந்துவிடுகிறது. தாய், எச்-1பி பணியாளரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கிறார். வேலை அனுமதி இல்லை, ஆகவே சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இல்லை. அவர் தம் அடையாளத்தை வேறு ஆவணங்கள் மூலம் நிறுவ வேண்டியிருக்கிறது. அதற்குள் வாரங்கள் ஓடுகின்றன. கணவனும் மனைவியும் வரிக் கணக்கைக் கூட்டாகத் தாக்கல் செய்திருந்தால், இருவரில் ஒருவர் மட்டும் படிவத்தில் பங்கேற்று ஒப்புதல் தந்தாலே போதுமானது. தந்தையை மட்டும் சேர்த்திருந்தால் படிவம் அன்று மாலையே முடிந்திருக்கும். இந்த ஒரு செய்தியை நம் பள்ளி வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டினாலே எத்தனையோ வீடுகளில் வீண் அலைச்சல் குறையும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு பின்னணி உண்டு. 2020 டிசம்பரில் நிறைவேறிய ஃபாஃப்சா எளிமையாக்கச் சட்டம், படிவத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளை அதிகபட்சம் 36 ஆகக் குறைத்தது; வருமான விவரங்களை வரித்துறையிலிருந்து நேரடியாகப் பெறும் முறையும் புதிய படிவத்தோடு வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் வழக்கமாக அக்டோபரில் திறக்கும் படிவம் அந்த முறை 2023 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் மாதக் கணக்கில் உள்ளே நுழையவே முடியாமல் தவித்தார்கள். அக்டோபர் 1க்குள் திறந்தாக வேண்டும் என்று 2024 இறுதியில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 2025 மார்ச்சில் கூட்டாட்சிக் கல்வித்துறைப் பணியாளர்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. அரசு அலுவலகத்தில் விளக்கம் சொல்ல ஆள் குறைந்திருக்கும் இந்தக் காலத்தில், அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் இருப்பது முன்பைவிட அவசியமாகிறது.

ஊரில் உள்ள நிலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. நாம் குடியிருக்கும் வீடும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளும் ஃபாஃப்சாவின் சொத்துக் கணக்கில் வருவதில்லை. மதுரையிலோ கோவையிலோ தந்தையின் பெயரில் வாங்கிப் போட்ட மனையும், வாடகைக்கு விட்டிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பும் கணக்கில் வரும். பூர்விகச் சொத்தில் பங்கு இருந்தால் அந்தப் பங்கின் மதிப்பும் வரும். வெளிநாட்டில் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தே பொய் விவரம் தருபவருக்கு 20,000 டாலர் வரை அபராதமும் சிறைத் தண்டனையும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் உதவியே போய்விடும் என்ற பயமும் மிகைப்பட்டது. பெற்றோரின் சொத்து மதிப்பில் 5.64 சதவீதத்துக்கு மேல் கணக்கில் சேர்வதில்லை. எனவே 50,000 டாலர் பெறுமானமுள்ள மனை, உதவியைத் தீர்மானிக்கப் படிவம் கணக்கிடும் மாணவர் உதவிக் குறியீட்டை (அது உயர்ந்தால் உதவி குறையும்) அதிகபட்சமாக 2,820 டாலர் அளவுக்கே உயர்த்தும். மாறாக, பிள்ளையின் பெயரில் உள்ள பணத்தில் 20 சதவீதம் கணக்கில் சேர்ந்துவிடும். பேரன் பெயரில் வங்கியில் பணம் போட்டு வைக்க விரும்பும் தாத்தா பாட்டிக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. சொந்தமாக மளிகைக் கடையோ உணவகமோ நடத்துபவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு: நூறு முழுநேர ஊழியர்களுக்கு மேற்படாத, குடும்பத்துக்குச் சொந்தமான சிறு தொழிலின் மதிப்பை 2026-27 முதல் மீண்டும் சொத்தாகக் காட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட நம் குடும்பங்கள் அறியாதிருக்கும் பிரிவு ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஃபாஃப்சா கேட்பது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தை. 2026-27 படிவம் 2024ஆம் ஆண்டு வருமானத்தைப் பார்க்கிறது. தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆட்குறைப்பு அலையலையாக நடந்துவரும் இந்த ஆண்டுகளில், 2024இல் நல்ல சம்பளம் வாங்கிய தந்தை இன்று வேலையின்றி இருக்கலாம். படிவமோ அவரை இன்னும் வசதியானவராகவே காட்டும். அப்படியொரு தந்தை என் மேசைக்கு எதிரே அமர்ந்து, "படிவத்தில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, இனி என்ன செய்ய முடியும்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். செய்ய முடியும். உயர்கல்விச் சட்டத்தின் 479ஏ பிரிவு, வேலையிழப்பு, காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவு, சார்ந்திருப்பவரைப் பராமரிக்கும் செலவு போன்ற சிறப்புச் சூழல்களில், உரிய சான்றுகளைப் பார்த்துக் கணக்கின் விவரங்களை மாற்றும் அதிகாரத்தைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்குத் தருகிறது. இப்படிக் கேட்கலாம் என்பதைக் கல்லூரி பொதுவில் அறிவிக்க வேண்டும். வரும் கோரிக்கைகள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக மறுப்பது என்று கல்லூரி கொள்கை வகுத்துக்கொள்ளவும் கூடாது. அந்தத் தந்தையிடம் பணிநீக்கக் கடிதத்தையும், கடைசிச் சம்பளச் சீட்டையும், வேலையில்லாதோர் உதவிக்கான ஆவணத்தையும் கொண்டுவரச் சொன்னோம். மகனின் கணக்கு திருத்தப்பட்டது. அவர் வாய் திறந்து கேட்டதால் நடந்தது இது. வேலை போனதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, பிள்ளையிடம்கூட மறைத்துக்கொண்டு, கடன் அட்டையில் கட்டணம் கட்டும் பெற்றோரை எண்ணி நான் மிகவும் வருந்துகிறேன். வேலையிழப்பு இழிவன்று என்பதைச் சங்க மேடையில் மூத்தவர்கள் ஒருமுறை சொன்னாலே பலருக்கு அந்தக் கூச்சம் விலகும்.

சட்டம் எல்லா இடங்களிலும் நம் குடும்பங்களின் நிலைமையை உணர்ந்து எழுதப்பட்டதாகச் சொல்ல முடியாது. முன்பு ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படித்தால், குடும்பத்தின் பங்கு இருவருக்கும் பகிர்ந்து கணக்கிடப்பட்டது. எளிமையாக்கச் சட்டம் அந்தச் சலுகையை நீக்கிவிட்டது. இரண்டு மூன்று வயது இடைவெளியில் பிள்ளைகள் உள்ள நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பலத்த அடி. ஊரில் இருக்கும் வயதான பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணத்துக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. அவர்கள் நம்மோடு ஒரே வீட்டில் வாழ்ந்தால்தான் குடும்பத்தினராக எண்ணப்படுவார்கள். பெற்றோரைத் தாங்கும் கடமையை எந்தத் தமிழ்க் குடும்பமும் விருப்பச் செலவாகக் கருதுவதில்லை என்பதை இந்தச் சட்டத்தை இயற்றுவோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான, 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' எனப்படும் பெருஞ்சட்டம் கடன் விதிகளைத் தலைகீழாக மாற்றியிருக்கிறது. ஆண்டுதோறும் பேரவை விழா நடக்கும் அதே வாரத்தில் இது சட்டமானது. நம்மில் எத்தனை பேர் இதைக் கவனித்தோம் என்று தெரியவில்லை. 2026 ஜூலை 1 முதல் பேரன்ட் பிளஸ் கடன் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்ற வரம்புக்குள் அடங்குகிறது. முன்பு கல்லூரிச் செலவு முழுவதையும் பெற்றோர் கடனாக வாங்க முடிந்தது. வரம்பற்ற கடன் பல குடும்பங்களை முதுமைவரை துரத்தியது என்பதால் ஒரு வரம்பு வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் கல்லூரிக் கட்டணத்தைக் குறைக்க எதையும் செய்யாமல் கடனை மட்டும் குறைத்தால், மிச்சத் தொகைக்குக் குடும்பங்கள் தனியார் வங்கியைத்தான் நாடும். மேலும், அந்த நாளுக்குப் பின் பேரன்ட் பிளஸ் வாங்கும் பெற்றோருக்கு, வருமானத்துக்கு ஏற்பத் தவணை குறையும் புதிய திட்டத்தில் இடமில்லை.

மேற்படிப்பில் மாற்றம் இன்னும் கடுமையானது. செலவு முழுவதற்கும் கடன் தந்துவந்த கிராட் பிளஸ் திட்டம், 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு இல்லை. முதுநிலைப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் இரண்டு லட்சம் டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. தொழிற்படிப்பு எது என்பதற்குச் சட்டம் சுட்டும் பழைய வரையறையில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள படிப்புகளுள் செவிலியர் படிப்பு இல்லை. பிள்ளையை மருத்துவராகப் பார்க்க வேண்டும் என்ற கனவு நம் வீடுகளில் எவ்வளவு ஆழமானது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல மருத்துவக் கல்லூரிகளில் நான்கு ஆண்டுச் செலவு மூன்று லட்சம் டாலரைத் தாண்டுகிறது. மீதிப் பணத்துக்கு வழி என்ன என்ற பேச்சை, சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு தொடங்கினால் போதாது. பிள்ளை இளநிலைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்க வேண்டும். 2026 ஜூன் 30 அன்று ஒரு படிப்பில் சேர்ந்திருந்து, அந்தப் படிப்புக்காக ஏற்கெனவே கூட்டாட்சிக் கடன் பெற்றிருப்பவர்கள், அதிகபட்சம் மூன்று கல்வியாண்டுகளுக்குப் பழைய வரம்புகளின் கீழ்த் தொடரலாம். இந்த விதிவிலக்கு பொருந்தும் குடும்பங்கள் உடனே தங்கள் கல்லூரி நிதியுதவி அலுவலகத்தை அணுகி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இனி, படிவம் ஏற்க மறுக்கும் பிள்ளைகளைப் பற்றி. ஒரே வீட்டில் அண்ணன் சென்னையில் பிறந்தவன், மூன்று வயதில் எச்-4 விசாவில் இங்கே வந்தவன். தங்கை டல்லாஸில் பிறந்தவள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தார்கள், நம் தமிழ்ப் பள்ளியிலும் ஒரே வகுப்பறையில் மாறி மாறி அமர்ந்தார்கள். தங்கை ஃபாஃப்சாவை நிரப்பலாம். அண்ணனுக்கு ஒரு டாலர் கூட்டாட்சி உதவியும் கிடையாது. தந்தையின் கிரீன் கார்டு விண்ணப்பத்தின் முதற்கட்டம் ஏற்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஓராண்டில் வழங்கும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்தாண்டுகளுக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. கிரீன் கார்டு வருவதற்குள் 21 வயது நிறைந்துவிட்டால் மகன் அந்த வரிசையிலிருந்தே வெளியேற நேரலாம். வேறு விசா கிடைக்காவிட்டால், வளர்ந்த நாட்டிலேயே எஃப்-1 விசாவில் அயல்நாட்டு மாணவனாகப் படிக்க வேண்டும்.

உயர்கல்விச் சட்டத்தின் 484ஆம் பிரிவு, குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் அடுத்தபடியாக, தற்காலிகமல்லாத நோக்கத்தோடு, நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்துடன் இங்கே இருப்பவர்களையும் தகுதியுள்ளவர்களாகக் கொள்கிறது. அகதிகளும் தஞ்சம் பெற்றவர்களும் உதவி பெறுவது இந்தப் பிரிவின் கீழ்தான். நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்து, அதன் முதற்கட்டம் ஏற்கப்பட்டு, வரிசையில் விசா எண்ணுக்காக மட்டுமே காத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளையை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவருவதில் கொள்கையளவில் எந்த முரண்பாடும் இல்லை. எச்-4 தற்காலிக விசா என்ற வகைப்பாடுதான் குறுக்கே நிற்கிறது. அதை நாடாளுமன்றம் ஒரு சிறு திருத்தத்தால் நீக்க முடியும். இத்தகைய பிள்ளைகளுக்கு நிரந்தரக் குடியிருப்புக்கு வழிசெய்யும் சட்டமுன்வடிவைச் செனட்டர்கள் அலெக்ஸ் படீயாவும் ராண்ட் பாலும், கீழவையில் டெபோரா ராஸும் 2021இல் கொண்டுவந்தார்கள், 2023இல் மீண்டும் கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. இரு கட்சியினரும் ஆதரித்த ஒரு முன்வடிவுக்கு ஆதரவாகத் தமிழ்ச் சங்கம் மடல் எழுதுவது கட்சி அரசியல் ஆகாது. நம் மேடைகளுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்களை விருந்தினராக அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அன்று அவர்கள் கையில் இந்தக் கோரிக்கையையும் கொடுத்தனுப்புங்கள்.

அக்டோபர் மாலைக்குத் தேவையானவை அதிகமில்லை. தமிழ்ப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகள், இணைய இணைப்பு, விவரம் தெரிந்த தன்னார்வலர் சிலர் இருந்தால் போதும். அருகிலுள்ள கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தைக் கேட்டால் ஆள் அனுப்பக்கூடும். இலவசப் படிவத்தை நிரப்பித் தர நூற்றுக்கணக்கான டாலர் கேட்கும் ஆலோசகர்களிடம் நம் குடும்பங்கள் போகத் தேவையில்லாத நிலை வரும். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தாமே திறந்து, தம் விவரங்களைத் தாமே பதிய வேண்டும். தன்னார்வலர் அருகில் இருந்து விளக்கலாமே தவிர, யாருடைய கடவுச்சொல்லையும் கேட்கவோ எழுதி வைக்கவோ கூடாது. வருமான விவரம் பக்கத்து இருக்கைக்குத் தெரியாதபடி மேசைகளைத் தள்ளிப் போடுங்கள். நம் மக்கள் தயங்குவதற்கு முதற்காரணம் அதுதான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரோடு பத்தாம் வகுப்புப் பெற்றோரையும் அழையுங்கள். அவர்கள் பிள்ளைகளின் ஃபாஃப்சா பார்க்கப்போகும் வருமான ஆண்டு வெகு தொலைவில் இல்லை.

இதற்கான விளக்கத் தாள்களைத் தமிழில் எழுதித் தரவும், வார இறுதிகளில் நேரிலோ காணொளியிலோ வந்து பெற்றோரின் கேள்விகளுக்கு விடை சொல்லவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் போல நிதியுதவி அலுவலகங்களில் பணியாற்றும் தமிழர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள், அவர்களும் முன்வர வேண்டும் என்று இந்த மடலின் வழியே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்த்து, அக்டோபர் மாலைக்கான தேதியைக் கோடை விடுமுறைக்கு முன்பே பெற்றோருக்கு அறிவியுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு நிதியுதவி ஆலோசகர், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்